கடல் கடந்த செவிலியர்

செவிலி என்பது நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. சங்க இலக்கியத்தின் அகப்பாடல்களைப் பயின்ற மாணவர்கள் அவளை நன்கு அறிவர். தலைவியை ஈன்றவள் நற்றாய். அருகிருந்து ஊட்டியும் உறக்கியும் வளர்த்தவள் செவிலித்தாய். தலைவி தன் காதலனோடு ஊரைவிட்டுப் போய்விட்டால், வெறிச்சோடிய மனையில் நின்று வருந்துபவள் அவள்; வெயில் காயும் சுரத்தின் வழியே தேடிச் சென்று எதிர்ப்படுவோரை வினவுபவளும் அவளே. பொருள் தேடிப் பிரிந்து செல்லும் உரிமை அக்காலத்தில் ஆடவனுக்கு இருந்தது. கடல் கடந்து செல்லும் பிரிவில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் மரபு.

நோயாளியின் அருகிருந்து பேணும் பெண்ணுக்கு இக்காலத் தமிழ் அந்தப் பழம்பெயரையே சூட்டியிருக்கிறது. ஆயினும் காலம் மரபைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று செவிலி கடல் கடக்கிறாள். அவளைப் பெற்றோர் ஊரில் நின்று வழிபார்த்திருக்கின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதனால் வந்த ஊதியம் எவ்வளவு, இழப்பு எவ்வளவு என்பதே இன்று உங்களோடு நான் எண்ணிப் பார்க்க விரும்பும் செய்தி.

இதனை நான் நூல்களிலிருந்து மட்டும் எடுத்துச் சொல்லவில்லை. ஜவ்வாது மலையில் ஆசிரியனாகப் பணியேற்று, அங்கேயே தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது அம்மலை. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர். விண்மீன்களை நோக்கும் காவலூர்த் தொலைநோக்கியைக் காண மாணவர்கள் பலர் வந்திருப்பர். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே சாமை விதைத்தும், புளியும் தேனும் பலாவும் விற்றும் வாழ்கின்றனர். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆண்களும் பெண்களும் காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுத் தோட்டங்களுக்கும் கூலிவேலைக்குச் செல்வர். ஆகவே பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது அவர்களுக்குப் புதிய செய்தியன்று. ஆனால் 2024-ஆம் ஆண்டின் இறுதியில் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்த ஒரு தந்தை கொணர்ந்த செய்தி முற்றிலும் புதியது. என் பள்ளியில் பயின்று, பின்னர் செவிலியப் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 18,000 ரூபாய் ஊதியத்தில் பணியாற்றிவந்த அவர் மகளுக்கு லண்டன் மாநகரின் அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. “அந்த ஊர்ச் சம்பளம் நம்ம பணத்தில் எவ்வளவு ஐயா வரும்?” என்று அவர் கேட்டார்.

நான் தாளும் எழுதுகோலும் எடுத்தேன். பிரிட்டனின் தேசிய நலவாழ்வுப் பணியில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு அவ்வாண்டு அடிப்படை ஊதியம் 29,970 பவுண்டு. லண்டனின் உட்பகுதியில் பணியாற்றுவோருக்கு, அந்நகரில் வாழ்வதற்கு ஆகும் மிகுசெலவை முன்னிட்டு நூற்றுக்கு 20 விழுக்காடு மேற்படி உண்டு. இரண்டும் சேர்ந்து 35,964 பவுண்டு. அன்றைய மாற்று விலையில் ஒரு பவுண்டு ஏறத்தாழ 107 ரூபாய். ஆண்டுக்கு 38 லட்சத்துக்கு மேல். மாதத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். அந்த எண்ணைக் கேட்டுத் தந்தை சிறிது நேரம் பேசவில்லை. அருகே நின்ற மகள், “ஐயா, அங்கே வாடகை எவ்வளவு ஆகும்?” என்று கேட்டாள். நான் விடை கூற இயலாமல் விழித்தேன். வரவும் செலவும் எழுதக் கற்பித்தவன், வரவை மட்டும் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன்! அந்த நாணம் என்னைச் செவிலியர் வரலாற்றைப் படிக்கத் தூண்டியது. படித்ததில் தேர்ந்ததைக் கூறுகிறேன்.

செவிலியத் தொழிலின் புதிய வரலாறே ஒரு கடற்பயணத்தில்தான் தொடங்குகிறது. 1854-இல் கிரிமியப் போரில் காயமுற்ற படைவீரரைப் பேணுவதற்காக, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களை அழைத்துக்கொண்டு லண்டனிலிருந்து துருக்கியின் ஸ்கூட்டாரி நகருக்குச் சென்றார். அதே போருக்கு ஜமைக்காத் தீவைச் சேர்ந்த மேரி சீகோல் என்னும் கறுப்பினப் பெண்மணியும் செல்ல விரும்பினார். லண்டன் அதிகாரிகள் அவரை ஏற்கவில்லை. அவர் தம் சொந்தச் செலவிலேயே போர்முனைக்குச் சென்று, பாலக்ளாவா அருகே விடுதி ஒன்றை அமைத்து வீரர்களைப் பேணினார். நைட்டிங்கேலின் பெயரால் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. மேரி சீகோலின் சிலை அதே மருத்துவமனைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது 2016-இல்தான். அயல்நாட்டுச் செவிலியின் கையை உலகம் விரைவில் ஏற்றுக்கொள்கிறது. அவளுக்குரிய மதிப்பை அளிக்க நெடுங்காலம் எடுத்துக்கொள்கிறது. இந்த உண்மையை வரலாற்றின் தொடக்கத்திலேயே காண்கிறோம்.

இனி நம் பக்கம் திரும்புவோம். ஜவ்வாது மலைக்கு வடக்கே உள்ளது வேலூர். அதனை அடுத்த இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அமெரிக்கச் சமயத் தொண்டர் குடும்பத்தில் தோன்றிய அவருக்கு இந்நாட்டில் தங்கும் எண்ணம் இளமையில் இருந்ததில்லை. திண்டிவனத்தில் ஒருநாள் இரவு, பேறுகால வேதனையில் துடித்த மூன்று இளம்பெண்களின் கணவர்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து அவர் உதவியை வேண்டினர். அவரோ மருத்துவம் அறியாதவர்; மருத்துவரான அவர் தந்தையை, ஆடவர் என்பதால் அக்குடும்பங்கள் ஏற்கவில்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஒரு படுக்கையின் அருகே இருக்கவேண்டியவர் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதை அந்த இரவு அவருக்கு உணர்த்திற்று. அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்குத் திரும்பி ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். அதுவே வளர்ந்து, 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்பாயிற்று. டெல்லியிலும் அதே ஆண்டில் செவிலியப் பட்டப்படிப்பு தோன்றியது. இந்தியாவில் இத்துறையில் பட்டம் வழங்கத் தொடங்கிய முதல் இடங்கள் இவ்விரண்டே.

நாம் இங்கே ஒன்றை எண்ணுதல் வேண்டும். வேலூருக்கு இத்தொழிலின் அறிவு கடல் கடந்து வந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் பயின்றோர் நம் ஊர்ப் படுக்கைகளின் அருகே வந்து நின்றனர். ஆதலின் செவிலியர் கடல் கடப்பது ஏதோ நம் காலத்தில் நேர்ந்த கேடு என்று கருதுவது பொருந்தாது. முன்பு வந்த பாதை அது. இப்போது அதே பாதையில் நம் பெண்கள் எதிர்த்திசையில் செல்கின்றனர்.

அவர்கள் அத்திசையில் செல்ல நேர்ந்தது ஏன்? 1946-இல் போர் குழு தன் அறிக்கையை அரசுக்கு அளித்தது. இங்கே போர் என்பது சண்டையன்று. குழுவின் தலைவர் சர் ஜோசப் போர் என்பவரின் பெயர். இந்தியா முழுமைக்கும் அப்போது இருந்த பயிற்சி பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர் என்று அக்குழு கணக்கிட்டது. அதாவது 43,000 மக்களுக்கு ஒரு செவிலி. பிரிட்டனிலோ 300 பேருக்கு ஒருவர். அவ்வளவு செவிலியரைப் பெற்றிருந்த அந்நாடுதான் இரண்டே ஆண்டுகளில் மேலும் செவிலியர் வேண்டும் என்று உலகை அழைத்தது! 1948 ஜூலை 5-ஆம் நாள் அங்கே தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியது. ஏழை செல்வர் என்னும் வேறுபாடின்றி அனைவருக்கும் கட்டணமில்லா மருத்துவம் அளிப்பது அதன் நோக்கம். மருத்துவமனைகள் நிரம்பின, பேணும் கைகள் போதவில்லை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இளம்பெண்கள் கப்பலேறினர்.

சென்றவர்களுள் பலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. அந்நாட்டில் அக்காலத்தில் செவிலியர் இருவகையினர். மூன்றாண்டு பயின்று முழுத்தகுதி பெற்றவர் பதிவுச் செவிலியர். இரண்டாண்டு பயின்றவர் பட்டியற் செவிலியர். இரண்டாவது வகை 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அயல்நாட்டுப் பெண்கள் பலரை, வேறுபாட்டை விளக்கிச் சொல்லாமலே, இரண்டாவது வகைப் பயிற்சியில் சேர்த்துவிட்டனர். அந்தத் தகுதியால் உயர்பதவி கிட்டவில்லை. தாயகம் திரும்பினால் அங்கும் அதற்கு மதிப்பில்லாத நாடுகள் பல. கையெழுத்திடும் தாளில் உள்ள ஒரு சொல்லை உணராமையால் வாழ்நாள் முழுவதும் ஒரு படி தாழ நிற்க நேர்ந்தது. மாணவர்களே, அயல்நாட்டு ஒப்பந்தம் எதுவாயினும் அதன் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பின்னர் பாதைகள் பலவாயின. 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபையின் வழியே கேரளப் பெண்கள் மேற்கு ஜெர்மனி சென்றனர். 1965-இல் அமெரிக்கா குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த பழைய ஒதுக்கீட்டை நீக்கியதும் அந்நாட்டின் கதவும் திறந்தது. 1973-க்குப் பின் எண்ணெய் விலை உயர, வளைகுடா நாடுகளில் மருத்துவமனைகள் எழுந்தன. தமிழக அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென ஒரு நிறுவனத்தை 1978-இல் தோற்றுவித்தது. இப்பாதைகளில் முள்ளும் இருந்தது. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் உள்நாட்டுப் போரிடையே சிக்கிக்கொண்ட 46 இந்தியச் செவிலியர், அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் கொச்சிக்கு உயிரோடு திரும்பினர். வேலைக்காகத் தரகர்களிடம் வாங்கிக் கொடுத்த கடன் தீராமல் திரும்பியோரும் அவர்களுள் இருந்தனர். தரகர்கள் பெருந்தொகை பறித்த வழக்குகள் மிகுந்ததால், வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்களின் வழியே மட்டும் அனுப்பவேண்டும் என்று இந்திய அரசு 2015-இல் விதித்தது. பிரிட்டன் அந்தப் பதினெட்டில் இல்லை. எனினும், செவிலியரிடம் ஆளெடுப்பு முகவர் கட்டணம் வாங்கலாகாது என்பது பிரிட்டன் அரசு வகுத்த நெறி. இதனை அறியாதோர் இன்றும் நிலத்தை விற்றுப் பணம் கட்டுகின்றனர்.

இனி நான் எழுதாமல் விட்ட செலவுப் பக்கத்துக்கு வருவோம். லண்டனில் ஒரு வீட்டின் சராசரி வாடகை 2024-இல் மாதம் 2,000 பவுண்டைக் கடந்துவிட்டது. என் மாணவிக்கு வருமான வரியும், தேசியக் காப்பீடும், ஓய்வூதியப் பங்கும் போகக் கையில் கிடைக்கும் தொகை மாதம் 2,200 பவுண்டுக்குச் சற்றே மிகுதி. அதாவது முழு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தால் ஊதியம் வீட்டுக்காரருக்கே போய்விடும்! நோயாளிகளைப் பேணுகிறவர் அந்நகரில் ஓர் அறையில் ஒதுங்கித்தான் வாழமுடியும். பேருந்தில் ஒருமுறை ஏற 2024-இல் 1.75 பவுண்டு ஆயிற்று; அன்றைய மாற்று விலையில் நம் கணக்கில் 187 ரூபாய்.

அவள் 2025-இன் தொடக்கத்தில் சென்றாள். சென்றவுடன் முழு ஊதியம் கிடைக்கவில்லை. அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் பதிவைப் பெற ஆங்கிலத் தேர்வும், கணினித் தேர்வும், பத்து நிலையங்களில் நேரில் செய்துகாட்டும் திறன் தேர்வும் தேறவேண்டும். முன்னிரண்டையும் இங்கேயே முடித்திருந்தாள். மூன்றாவது தேறும்வரை ஒரு படி குறைந்த ஊதியமே பெற்றாள். பதிவு பெற்ற பின் எனக்கு எழுதிய கடிதத்தில், நான் பள்ளியில் கற்பித்த முறைப்படியே இருபக்கக் கணக்கு எழுதியிருந்தாள். மற்ற மூவரோடு பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறைக்கு 850 பவுண்டு, பயணத்துக்கு 160, உணவுக்கு 250, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி முதலியவற்றுக்கு 150. எஞ்சியது ஏறத்தாழ 800 பவுண்டு. நம் பணத்தில் 85,000 ரூபாய். அது சிறுதொகையன்று. சென்னையில் அவள் பெற்ற முழு ஊதியத்தைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆயினும் நான் திண்ணையில் எழுதிக் காட்டிய 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதற்கும் உள்ள தொலைவைப் பாருங்கள். அயல்நாட்டு ஊதியத்தை நம் ரூபாயில் பெருக்கிவிட்டு, செலவை நம் ஊர் விலையில் நினைத்துக்கொள்வதே இத்துறையில் பெரும்பிழை. தரகர் சொல்வது முதற்பக்கம் மட்டுமே. என்னைப்போன்ற படித்தவர்களும் அப்பிழையைச் செய்கிறோம்.

செலவுப் பக்கத்தில் இன்னொரு வரியும் உண்டு. அதனைப் பவுண்டிலோ ரூபாயிலோ எழுத இயலாது. புறப்படுமுன் விடைபெற வந்த அன்று அவள் என்னிடம் சொன்னாள்: “ஐயா, எங்க பாட்டியை டோலி கட்டித் தூக்கிட்டுப் போனதைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். இப்ப நானே மலையை விட்டுப் போறேன். இது தப்பா?” மலைச்சிற்றூர்களில் வாகனம் செல்லும் வழி இல்லாத இடங்களில், நோயுற்றவரைக் கழியில் கட்டிய துணித்தொட்டிலில் இட்டு நான்குபேர் சுமந்து இறக்குவதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன்.

அவள் வினாவை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகில் இருந்த செவிலியர் 2 கோடியே 98 லட்சம். இன்னும் வேண்டியிருந்தோர் 58 லட்சம். ஏழு செவிலியருள் ஒருவர் தாம் பிறந்த நாட்டில் பணியாற்றவில்லை. எங்கோ ஒரு படுக்கையின் அருகே நிற்க ஒருவர் செல்கையில், வேறெங்கோ ஒரு படுக்கையின் அருகே இடம் வெறுமையாகிறது. இதனை உணர்ந்தே அந்நிறுவனம் 2010-இல், செவிலியர் பற்றாக்குறை மிகுந்த ஏழை நாடுகளிலிருந்து ஆளெடுப்பதில் தன்னடக்கம் வேண்டும் என்று ஓர் ஒழுக்கநெறியை வகுத்தது.

ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பை ஒரு மலைக்குடியில் பிறந்த பெண்ணின் தலையில் சுமத்துவது முறையாகுமா? இவ்வளவு பயின்றவளுக்கு 18,000 ரூபாய் கொடுத்து, ‘நீ இங்கேயே தொண்டு செய்’ என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு? தங்குவதற்குத் தக்க ஊதியத்தை இங்கே கொடுப்பதும், மலைப்பிள்ளைகளை மேலும் பலராகப் பயிற்றுவிப்பதும், துணைச் சுகாதார நிலையங்களைப் பூட்டாமல் வைத்திருப்பதும் சமுதாயத்தின் கடன், தனியொருத்தியின் கடனல்ல. ஆகவே அவளிடம், “தப்பில்லை அம்மா. கணக்கை மட்டும் இருபக்கமும் எழுதிவை” என்றேன்.

அன்று அவளுக்கு இன்னொரு பெண்மணியின் வரலாற்றையும் கூறினேன். நைஜீரியாவைச் சேர்ந்த கோஃபோவொரொலா அபேனி பிராட் அம்மையார் 1946-இல் லண்டன் செயின்ட் தாமஸில் செவிலியம் பயிலச் சேர்ந்தார். நலவாழ்வுப் பணி தொடங்கிய காலத்தில் அங்கே பணியாற்றிய முதற் கறுப்பினச் செவிலியருள் ஒருவர் அவர். பின்னர்த் தாயகம் திரும்பி, இபாடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்நாட்டவருள் முதல் தலைமைச் செவிலியானார். நாட்டின் செவிலியத்துறைக்கே தலைமை ஏற்றார். ஆங்கிலேயரே அமர்ந்திருந்த இருக்கைகளில் நைஜீரியப் பெண்களை அமரச்செய்தார். சென்றோர் அனைவரும் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. திரும்பும் வழியும் உண்டு என்பதை அறிந்து செல்லவேண்டும் என்றே சொல்கிறேன்.

அவள் திரும்புவாளா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சென்ற ஆண்டு அவள் அனுப்பிய பணத்தில், எங்கள் மலையிலிருந்து இன்னொரு பெண் செவிலியப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவள் உறவினள் அல்லள். அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவள். அந்த உதவியைக் கடிதக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவள் என்னைக் கேட்டிருந்தாள். செலவில்தான் எழுதவேண்டும் என்று விடை எழுதினேன்.

ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் அவள் தந்தையை அவ்வப்போது காண்கிறேன். சாமை மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, “பாப்பா போன் பண்ணுச்சு ஐயா, அங்கே ராத்திரி டூட்டியாம்” என்பார். அவள் அங்கே யாரோ ஒரு மூதாட்டியின் அருகே விழித்திருக்கும் நேரத்தில், இங்கே பாட்டி தன் கட்டிலில் படுத்திருக்கிறாள். பழம்பாடல்களில் பிரிவுக்காக வருந்தும் செவிலியைப் படிக்கும்போது, மாணவர்களே, இந்த இரு கட்டில்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுள் யாரேனும் அந்தத் தொழிலை மேற்கொண்டு கடல் கடக்க நேரின், இரண்டையும் உங்கள் கணக்கில் எழுதிவிட்டுப் புறப்படுங்கள்.